ஒரு விநாடியில் வந்த பதில்

பதில் சீக்கிரமாக வந்துகொண்டிருந்தது. ஏன் என்றுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

கப்பலின் வயிற்றுக்குள், சன்னல் இல்லாத ஒலிப்பதிவு அறையில், சூடேறிய வயர்களின் வாடைக்கும் ஏசியின் முனகலுக்கும் நடுவே, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவள் திரையையே பார்த்திருந்தாள். எழுநூற்றைம்பது மீட்டர் கீழே, வடத்தில் தொங்கும் உருண்டைக் கலத்துக்குள் அவள் கணவன்; அவனைச் சுற்றி, ஆண்டுக்கு ஒருமுறை முட்டையிடத் திரளும் ஆழ்கடல் மீன்கள். பேச்சு லைன் காலையிலேயே பழுதாகிவிட்டது. அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் இரண்டு ஒலித்துடிப்புகளை அனுப்புவாள். அவனும் இரண்டு அனுப்பினால் நலம். ஐந்து என்றால், உடனே மேலே தூக்கு என்று பொருள்.

ஒலி இறங்க அரை விநாடி, ஏற அரை விநாடி. நடுவே அவன் கேட்டு, பொத்தானை அழுத்த இன்னொரு விநாடியாவது ஆகும். காலையில் அப்படித்தான் வந்தது. பதினொன்றரையிலிருந்து, சரியாக ஒரே விநாடி.

ஒலிபெருக்கி கரகரத்தது. மேல்தளத்தில், கலத்தின் வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சை ஓட்டுபவர்.

"என்னக்கா, அண்ணன் அங்கேயே குடித்தனம் பண்ண ஆரம்பிச்சுட்டாரா? மணி மூணாகப் போகுது. தூக்கிடவா?"

"இருங்க, தூக்கினா மீன் மொத்தமும் கலைஞ்சிடும். அவரு நல்லாத்தான் இருக்காரு. இப்பக்கூட ரெண்டு வந்துச்சு."

சொன்ன பிறகும் மனம் கேட்கவில்லை. மூன்று துடிப்பு அனுப்பிப் பார்த்தாள்.

மூன்று வந்தது.

ஏழு அனுப்பினாள். ஏழு.

பதினொன்றரைக்குத்தான் மீன்கூட்டம் கலத்தைச் சுற்றிச் சுவராக இறுகியிருந்தது. ஆயிரமாயிரம் உடல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காற்றுப்பை. ஒலியைத் திருப்பி எறிய அதைவிட நல்ல சுவர் கிடையாது. மூன்றரை மணி நேரமாக அவள் தன் எதிரொலியோடு பேசியிருக்கிறாள்.

"தூக்குங்க! உடனே தூக்குங்க!"

வின்ச் உறுமியது. மேலே வர இருபது நிமிடம்.

முட்டையிடும் மீன்கள் எழுப்பும் முரசொலி காதைக் குடைகிறதென்று காலையில் அவளே ஓர் ஒலி வடிகட்டி வைத்திருந்தாள். மெல்லிய ஒலி எதுவும் அதைத் தாண்டாது. கலத்தின் பேட்டரி இறங்கினால் முதலில் மெலிவது துடிப்பு. அடுத்து நிற்பது, உள்ளே மூச்சுக்காற்றைச் சுத்தமாக்கும் விசிறி.

வடிகட்டியை எடுத்தாள். பதிவைப் பின்னால் ஓட்டினாள். தன் எதிரொலியைக் கழித்தாள்.

முரசொலி. அதற்கடியில், மங்கலாக.

ஐந்து.

ஐந்து.

ஐந்து.

பதினொன்றரை முதல் ஒவ்வொரு முறையும் அவன் ஐந்துதான் அனுப்பியிருந்தான். கடைசியாக, மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், நான்கு. ஐந்தாவது வரவே இல்லை.