ஆறாவது வரிசை

“லே, நிறுத்துலே! இதுவும் காத்துக் குழாய் வழியாத்தான் வரும், நெருப்பக் காட்டுனா செத்துரும். வாராவாரம் ஒரே பிராணிக்குப் பெயிண்ட் மாத்திக் கொண்டாரியே, வெக்கமா இல்ல?”

டெனிசன் கத்திய வேகத்தில் பகடை உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

“அம்புட்டும் தெரிஞ்சவன் நீயே எழுதேம்ல!” என்று மாரிசெல்வம் நோட்டை வீசினான்.

சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் கிரேசியக்காள் வீட்டு மாடியறையில் ஞாயிறுதோறும் இந்தக் கூத்துதான். லீவு நாளில் மற்ற பிள்ளைகள் மட்டையும் பந்துமாகப் போவார்கள். இந்தத் தெற்கத்திப் பையன்கள் மூவரும் விண்கலத்தில் போவார்கள். பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது, மாரிசெல்வம் நடத்துவான். டெனிசனும் சக்திகுமாரும் கப்பல் ஆட்கள். கிரேசியக்காளின் அக்கா மகள் ஜாஸ்மின் கப்பல் டாக்டர். வேற்றுக்கிரகப் பிராணி ஒன்று வரும். பகடை சொன்னால் பிழைப்பார்கள், இல்லாவிட்டால் செத்துப்போய் டீ குடிப்பார்கள். ஜாஸ்மின் படியேறுவது கப்பலுக்காக அல்ல, டெனிசனுக்காக என்பது தெருவுக்கே தெரியும். தை மாதம் கல்யாணம் என்று பேசியும் முடித்தாயிற்று.

மாரிசெல்வத்துக்கு அன்று ரோஷம் பிடித்துக்கொண்டது. யாராலும், தன்னாலும்கூட, யூகிக்க முடியாத பிராணி வேண்டும். கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் அல்லவா, அவனுக்குத் தெரிந்த வழி செக்‌ஷீட்தான். நோட்டில் கட்டம் போட்டான். உருவம், வரும் வழி, வேண்டியது, பலவீனம். மொத்தம் ஆறு வரிசை, வரிசைக்கு ஒரு பிராணி. அறைக்காரர்கள் மூவரும் ஆளுக்கு இரண்டு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் சரிபார்த்து ஓகே போடுவான். ஞாயிறு பகடையில் எந்த எண் விழுகிறதோ அதுதான் வரும். நோட்டை ஆணியில் மாட்டினான். இரண்டு நாளில் ஐந்து வரிசை நிறைந்தது. சோம்பேறி சக்திகுமார் பாக்கி வைத்த ஆறாவது மட்டும் காலி.

அந்த அறையில் கட்டில் ஒன்றுதான். சக்திகுமாருக்குப் பாய், கட்டில் மற்ற இருவருக்கும் பொது. ராத்திரி டெனிசன் படுப்பான். காலையில் அவன் ஜெனரல் ஷிப்டுக்குக் கிளம்ப, நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும் மாரிசெல்வம் அதே சூட்டில் விழுவான். எழுந்தவன் தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போக வேண்டும், வருகிறவனுக்குக் குளிர்ந்த பக்கம் கிடைக்க. புருஷன் பெண்டாட்டிகூட இவ்வளவு மரியாதையாக இருக்க மாட்டார்கள் என்று கிரேசியக்காள் கீழே கேலி பேசுவாள்.

புதன்கிழமை காலை மாரிசெல்வம் எரியும் கண்ணோடு மேலே வந்தபோது ஆறாவது வரிசை நிறைந்திருந்தது.

உருவம்: யாருடையதும். வரும் வழி: சூடு ஆறாத படுக்கை. வேண்டியது: படுத்தவன் இடம்.

கையெழுத்து இல்லை. பலவீனம் என்ற கட்டம் காலி. காலிக் கட்டத்துக்காகப் போன வருஷம் ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து, காலியாக எதைக் கண்டாலும் என்.ஏ., அதாவது ‘பொருந்தாது’, என்று எழுதுவது அவன் விரலுக்கே பழக்கமாகிவிட்டது. பலவீனம்: என்.ஏ. எழுதினான். பக்கத்தில் ஓகே போட்டான். தேதி போட்டான். படுத்தான். மெத்தை இதமாகச் சுட்டது, தலையணையின் திருப்பிய பக்கம் கன்னத்தில் சில்லென்றது, அப்படியே உறங்கிப்போனான்.

மூன்று மணிக்கு விழித்து, மின்விசிறியின் கடகடப்பையும் கீழே கிரேசியக்காள் மீன் வறுக்கும் வாசனையையும் வாங்கிக்கொண்டு சோம்பலாகக் கிடந்தபோதுதான் நினைவு வந்தது. டெனிசன் ஊரில் இல்லை. மாதா கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கப் பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்க, செவ்வாய் சாயங்காலமே தூத்துக்குடிக்குப் போய்விட்டான்.

“சக்தி, ராத்திரி கட்டில்ல படுத்தியால?” என்று முதல் ஷிப்ட் முடிந்து வந்த சக்திகுமாரைக் கேட்டான்.

“நான் எதுக்குப் படுக்கேன்? டெனிசன்லா படுத்துக் கெடந்தான். செவரப் பாத்துக்கிட்டு. கூப்பிட்டேன், திரும்பல.”

“அந்த ஆறாவத எப்ப எழுதுன?”

“நான் ஒண்ணுதாம்ல எழுதுனேன்.”

மாரிசெல்வம் டெனிசனுக்குப் போன் போட்டான். பின்னால் கடல் இரைந்தது. “நான் ஊர்லதாம்ல இருக்கேன், லூசு!” என்று அவன் சிரித்தான்.

அன்றே மாரிசெல்வம் என்.ஏ.வை அடித்துவிட்டு, மேலே நெருப்பு என்று எழுதி, சுருக்கொப்பமும் போட்டான். மறுநாள் காலை அடித்தல் இல்லை. நெருப்பு இல்லை. சுத்தமாக என்.ஏ. அவன் கையெழுத்திலேயே. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டான். வெள்ளிக்கிழமை அது நோட்டில் இருந்தது. அவன் தரையில் படுத்தான். கட்டிலிலிருந்து வெதுவெதுப்பு இறங்கி அவன் முதுகைத் தடவியது.

சனிக்கிழமை டெனிசன் வந்தான். நைட்டுக்குக் கிளம்பும் முன் மாரிசெல்வம் அவன் கையைப் பிடித்தான்.

“இன்னைக்கு மட்டும் கீழ படுடே. கெஞ்சிக் கேக்கேன்.”

“ஒன் பிராணிக்கு நீயே பயப்படுதியா? இதாம்ல இந்த வாரம் பெரிய காமெடி!” என்று டெனிசன் கட்டிலில் சாய்ந்தான்.

ஞாயிறு காலை எதிரே படியிறங்கி வந்தான் டெனிசன். தலையில் எப்போதும் மணக்கும் எண்ணெய் இல்லை. வேர்வை இல்லை. எந்த வாசனையும் இல்லை.

மாலையில் விளையாட உட்கார்ந்தார்கள். வேண்டுமென்றே பழைய பிராணியையே கொண்டுவந்தான் மாரிசெல்வம். காற்றுக் குழாய். நெருப்பு. கத்துலே. ஒரு வார்த்தை திட்டுலே. மனசுக்குள் கும்பிட்டான்.

“நல்லாருக்கு,” என்றான் டெனிசன்.

ஜாஸ்மின் பூரித்துப்போனாள். “பாத்தீங்களா அண்ணா, கோவமே போய்ட்ச்சு இவருக்கு!”

அவளைத் தனியே அழைத்து, இது டெனிசன் இல்லை என்று சொல்லிப் பார்த்தான். அவள் அழுதாள், பிறகு கிரேசியக்காளிடம் சொன்னாள். “இன்னா மாரி, பொறாமையா கீது உனுக்கு?” என்று கிரேசியக்காள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். அதற்குமேல் யார் அவன் பேச்சைக் கேட்பார்கள்?

தையில் கல்யாணம் நடந்தது. ஜோடி பக்கத்திலிருந்த வல்லம் வடகாலுக்குக் குடிபோயிற்று. சக்திகுமார் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய் மாமன் மகளைக் கட்டிக்கொண்டான். மாரிசெல்வம் ஓசூருக்கு மாறி, தனி அறை எடுத்து, யாரும் படுக்காத புதுக் கட்டில் வாங்கினான்.

மாசியில் ஒருநாள் நைட் முடிந்து அவன் பஸ்ஸில் வரும்போது ஜாஸ்மின் கூப்பிட்டாள். கிசுகிசுவென்று பேசினாள்.

“அண்ணா, இவரு தூங்கி நான் பாத்ததே இல்ல. நான் எழுந்தாத்தான் வந்து என் இடத்துல படுக்கிறாரு. இன்னிக்கு குளிச்சிட்டு வந்து பாக்கிறேன்... கட்டில்ல நான் படுத்துக்கினு கீறேன் அண்ணா. செவரப் பாத்துக்கினு. இதுக்கு இன்னா பண்ணணும்? நீங்கதானே எழுதுவீங்க, எதுனா வழி வெச்சிருப்பீங்களே?”

பலவீனம்: என்.ஏ. இரண்டெழுத்து. அவ்வளவுதான் வைத்திருந்தான்.

“யாரு போன்ல?” என்று அவளுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது. ஜாஸ்மினின் குரல்.

போன் நின்றது. பிறகு எத்தனை முறை போட்டும் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த வாரம் கிரேசியக்காளே பேசினாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஞாயித்துக்கெழம ஜோடியா வந்திருந்தாங்கப்பா. நல்லா கீறாங்க. அவ முன்ன மாதிரி லொடலொடன்னு பேசறதில்ல, அடங்கிட்டா. உன்னத்தான் கேட்டாங்க. ஓசூர் அட்ரஸ் எழுதிக் குடுத்தேன். கட்டிலு சிங்கிளா டபுளான்னுகூட கேட்டாங்கன்னா பாத்துக்கோயேன்!”

அப்போதுதான் அவன் நைட் முடிந்து அறைக்குள் வந்திருந்தான். பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஜன்னலில் வெயில்.

தலையணை திரும்பியிருந்தது.

கையை நீட்டினான். மெத்தையில் வைத்தான்.

சூடு. இரண்டு பேர் படுத்து எழுந்த சூடு.