சோதனைக்குச் சேர்த்த பெயர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் அந்த ஆபீஸ். 1993இல் தமயந்தி புரோகிராமராகச் சேர்ந்த அன்றே ஒரு பழைய மூட்டையை அவள் தலையில் கட்டிவிட்டார்கள். இங்கிருப்பவர்களும் கிள்ளான் கிளையில் இருப்பவர்களும் டெர்மினலில் எழுதிப் பேசிக்கொள்ளும் புரோகிராம் அது. அதன் சோர்ஸ் கோடை இனி அவள்தான் பராமரிக்க வேண்டும். முன்பு பார்த்துக்கொண்ட ராதாகிருஷ்ணன் செத்துப்போய் மூன்று மாதமாகிறது.

கோடில் எதைத் திருத்தினாலும், பேசிப் பார்க்க இரண்டு பேர் வேண்டும். அதற்காக யாரும் ஆள் தேடிப் போவதில்லை. ஏதோ ஒரு பெயரைக் கோடிலேயே எழுதிவிட்டு, இரண்டு பக்கமும் தாங்களே தட்டிக்கொள்வார்கள். தமயந்திக்குச் சட்டென்று வந்தது தம்பி பெயர். விஜயன் என்று சேர்த்தாள்.

பட்டப்பகல் மூன்று மணி. கீழே மீன் பொரிக்கும் வாசம். புரோகிராமை ஓட்டினாள். திரையின் கீழ்ப்பாதியில், அவள் கை படாமலே, ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது.

அக்கா.

"அய்யாவு அண்ணே, விளையாடாதீங்க லா!"

பத்து வருஷமாக அங்கே டெர்மினல் ஓட்டும் அய்யாவு, தே தாரேக் டீ கிளாஸோடு அவள் பின்னால்தான் நின்றிருந்தார்.

"யாரு பேரும்மா போட்டே?" என்றார். கிளாஸை மேஜையில் வைத்தார்.

அக்கா, எழுந்திரிக்க முடியல.

தமயந்தி பண்டமாரானில் இருக்கும் தன் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"நைட் ஷிப்ட் முடிச்சிட்டுத் தூங்குறான்டி," என்றாள் அம்மா.

"எழுப்பும்மா!"

அம்மா கூப்பிடுவது போனில் கேட்டது. ஒருமுறை. இன்னொரு முறை. பிறகு அலறல்.

தமயந்தி அந்தப் பெயரை அழிக்கப் பாய்ந்தாள்.

அழிக்காதேக்கா. அழிச்சா நான் எங்க போவேன்?

விரல் அப்படியே நின்றுவிட்டது.

"ராதாகிருஷ்ணன் இதே மாதிரி அவன் பொண்டாட்டி பேரைப் போட்டான்," அய்யாவு கிசுகிசுத்தார். "அவ படுத்துட்டா. பயந்துபோய் அழிச்சான். அன்னிக்கே போயிட்டா."

"பாவி மனுஷா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ சிரிப்பேன்னு இருந்துட்டேன்மா."

ஆறு நாள் விஜயன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். டாக்டர்கள் கையை விரித்தார்கள். ஆறு நாளும் தமயந்தி திரையை விட்டு எழவில்லை. வலிக்குதா என்று தட்டுவாள். இல்லக்கா, நீ போயிடாதே என்று வரும். பெற்ற பிள்ளையைப் போல அந்தக் கோடைக் காத்தாள். ஓர் எழுத்தையும் தொடவில்லை.

ஏழாம் நாள் அவன் போய்விட்டான்.

அவர்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. பாடை தெருமுனை தாண்டியதும், அழுத முகத்தோடு டாக்ஸி பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தாள். இனியாவது அந்தப் பெயரை எடுத்துவிட்டால் பிள்ளை நிம்மதியாகப் போவான் என்று நினைத்தாள்.

திரை அவளுக்கு முன்பே விழித்திருந்தது.

அக்கா, சுடுது.

பதறிப்போய், கோடில் அவன் பெயர் இருந்த வரியை அழித்தாள். புரோகிராமைத் திரும்ப ஓட்டினாள். கோடை மேலிருந்து கீழ்வரை தேடினாள். விஜயன் என்ற பெயர் எங்கேயும் இல்லை.

ரொம்பச் சுடுதுக்கா. நிறுத்தச் சொல்லு.