பதினாலாம் அறையில் எல்லாம் நலம்

ஆளில்லாத அறையிலிருந்து அழைப்பு மணி அடித்தது. நர்ஸ் மேசைக்கு மேலே இருந்த பலகையில் பதினாலு என்ற எண் சிவப்பாக எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, வெளியே நாற்பத்து நாலு டிகிரி. மர்ரே ஆற்றுப் பக்கமிருந்து வீசிய காற்றில் வெறும் புழுதி. உள்ளே வேகவைத்த ஆட்டுக்கறியும் கிருமிநாசினியும் மூத்திரமும் கலந்த, மூக்குக்குப் பழகிப்போன அந்த வாடை. முதியோர் இல்லத்தின் மேலாளர் ராபின் டகெட் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதினாலாம் அறை ஐந்து வாரமாகக் காலி.

“மேம், காலையிலேருந்து இது மூணாவது தடவை,” என்றாள் மாரிவிக். நாற்பத்து மூன்று பேருக்கு அன்று இரண்டே பராமரிப்பாளர்கள். அவள் ஒருத்தி.

“மேம்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? ராபின்னு சொல்லு. அது லைன் கோளாறு. எரியட்டும், திரும்பிக்கூடப் பாக்காத.”

“பெரியவங்கள பேர் சொல்லிக் கூப்பிட்டேன்னு தெரிஞ்சா எங்கம்மா எங்க ஊர் இலோயிலோலேருந்து பிளேன் ஏறி வந்து அறைவாங்க, மேம்.” மாரிவிக் சிரித்தாள். ராபினுக்குச் சிரிப்பு வரவில்லை.

காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து கிரெய்க் போன் செய்திருந்தான். “இன்ஸ்பெக்டருங்க பக்கத்து ஊர் இல்லத்துக்குச் சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க. நாளைக்கு உன் வாசல்லதான் நிப்பாங்க. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் நாம தொலைஞ்சோம்.”

“ஆள் குடு கிரெய்க். ஒரு நர்ஸையாவது அனுப்பு.”

“நர்ஸ் என்ன, மரத்துலயா காய்க்குது?”

கட்டம் என்று அவன் சொன்னது ஒவ்வொரு அறைக் கதவின் உட்புறமும் தொங்கும் தாளைத்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை உள்ளே போய், படுத்திருப்பவரைப் புரட்டிப் படுக்கவைத்து, தண்ணீர் கொடுத்து, அதில் டிக் போட வேண்டும். நாளைக் காலை எட்டு மணி வரைக்கும் எல்லா அறையிலும் இப்போதே போட்டுவிடச் சொன்னாள் ராபின்.

“செய்யாததுக்கா, மேம்?”

“செய்வோம்னு வெச்சுக்கோ. போ.”

இது ராபினுக்குப் புதிதல்ல. பதினாலாம் அறையில் இருந்தவள் வெரா ஹாலோரன், தொண்ணூற்றொரு வயது. சும்மாச் சும்மா மணி அடிக்கிறாள் என்று மணிப் பொத்தானைக் கைக்கு எட்டாத நாற்காலியில் வைக்கச் சொன்னதே ராபின்தான். ஐந்து வாரத்துக்கு முன்னால், இதே மாதிரி கொளுத்திய ஒரு ஞாயிறு, ஆள் பற்றாமல் பதினாறு மணி நேரம் யாருமே அந்த அறைக்குள் போகவில்லை. காலையில் பார்த்தபோது வெராவின் வாய் திறந்திருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. தாளில் எட்டுக் கட்டம் காலி. ராபின் பேனாவை எடுத்தாள். இடப்பக்கம் திருப்பப்பட்டார், தண்ணீர் குடித்தார், நலமாக இருக்கிறார். எட்டுத் தடவை. தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று மகளிடம் சொன்னாள். அந்த மகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். நன்றியாம்!

அந்த ஒரு தாள் நாளை இன்ஸ்பெக்டர் கண்ணில் உறுத்தினால் வேலை போகும், ஜெயில்கூட வரலாம். அலுவலக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெராவின் கோப்பைத் திறந்தாள். அதுதான் கடைசித் தாளாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின்னால் கட்டாக இன்னும் தாள்கள் இருந்தன.

செத்த நாளுக்கு மறுநாள். அதற்கு மறுநாள். ஐந்து வாரம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டிக், இன்று மத்தியானம் இரண்டு மணி வரை. எல்லாம் ராபினின் கையெழுத்து. டிக்கின் வாலை அவள் இழுக்கிற இழுப்புக்கூட அதேதான். கடைசிக் கட்டத்தில் மட்டும் வேறு ஒரு வரி. தண்ணீர் கேட்டார்.

புகார் சொல்ல வேண்டிய எண் எதிர்ச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது. ராபின் தாள்களை அள்ளிக் காகிதம் நறுக்கும் இயந்திரத்தில் திணித்தாள்.

வெளியே மணி மறுபடி அடித்தது. பதினாலு.

ஒயரைப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று கிளம்பினாள். கூடத்து டிவியில் கிரிக்கெட், யாரோ இருமும் சத்தம், நீளமான நடையில் அவள் செருப்புச் சத்தம். பதினாலாம் அறையைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி அனல் முகத்தில் அடித்தது. திரை மூடியிருந்தது. கட்டிலில் படுக்கை விரித்திருந்தது. மெத்தை நடுவில் ஒரு பள்ளம். மூக்கு வைத்த பிளாஸ்டிக் குவளை, உள்ளே பொட்டுத் தண்ணீர் இல்லை. பொத்தான் நாற்காலியில் கிடந்தது.

பின்னால் கதவு மூடிக்கொண்டது.

இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டுக்குக் கால் வரவில்லை. இடுப்புக்குக் கீழே எல்லாம் மரத்துப்போனது. கட்டிலில் சரிந்தாள். பள்ளம் அவளுக்கென்றே தோண்டியதுபோல் வாங்கிக்கொண்டது. கையை நீட்டினாள். நாற்காலி எட்டவில்லை. கத்தினாள். காற்றுதான் வந்தது. நாக்கு மேலே ஒட்டியிருந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பொத்தானை யாரும் தொடவில்லை.

கதவின் உட்புறம் தாள். பெயர்: ராபின் டகெட். நாலு மணி, டிக். ஆறு, டிக். எட்டு. பத்து. நாளைக் காலை எட்டு வரை எல்லாக் கட்டமும் நிறைந்திருந்தது. அவள் கையெழுத்தில்.

நடையில் செருப்புச் சத்தம். வாசலில் நின்றது. ராபின் உடம்பில் மிச்சமிருந்த உயிரெல்லாம் அந்தக் கதவுக்கே போனது.

“பதினாலா?” மாரிவிக்கின் குரல், யாரிடமோ. “அது லைன் கோளாறு. மேம் சொல்லிட்டாங்க, திரும்பிக்கூடப் பாக்க வேணாமாம்.”

செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

சுவர்க் கடிகாரம் நாலைத் தொட்டது. முதுகுக்கு அடியில் இரண்டு கைகள் நுழைந்தன. காய்ந்த கைகள். பழகிய கைகள். மெதுவாக, வலிக்காமல், அவளை இடப்பக்கம் திருப்பின.

இடப்பக்கத் தலையணையில் வெரா படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது.