உருண்டை முடுக்கிய திருகாணி

சில்வண்டுக்குப் பத்து வயது. வாய் ஓயாததால் வந்த பெயர் அது. தம்பி உருண்டைக்கு ஆறு. அவனுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்லவே வேண்டாம்.

அவர்களுடைய அம்மா அலமாரி செய்பவர். எதிர்வீட்டுப் பாப்பாவின் துணிகளுக்காக அன்று ஒரு குட்டி அலமாரி செய்து முடித்தார். சொந்தமாகத் தொழில் தொடங்கிச் செய்த முதல் அலமாரி. மறுநாள் காலை கொடுக்க வேண்டும். கைப்பிடி மட்டும்தான் பாக்கி. அதை வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

உருண்டைக்கு அம்மா மேல் பாசம் பொங்கியது. திருப்புளியை எடுத்துக் கதவுக் கீலின் திருகாணியை முடுக்கினான். இன்னும் முடுக்கினான். நாக்கு வெளியே வரும்வரை முடுக்கினான். திருகாணி திடீரென்று சும்மாவே சுற்றியது. தூள் கொட்டியது. கதவு சாய்ந்தது.

“அக்கா...”

சில்வண்டு ஓடி வந்தாள். “என்னடா பண்ணே?”

“அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணேன்.”

“நல்லா பண்ணே போ. இது பார்ட்டிகிள் போர்டுடா. மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை. ரொம்ப முடுக்கினா ஓட்டை பொடிஞ்சிடும்.”

“அம்மா திட்டுவாங்களா?”

“அதை விடு. கதவு பாப்பா மேல விழுந்தா?”

உருண்டையின் கண்கள் குளமாயின. அதைப் பார்த்ததும் அவளுடைய கோபம் போன இடம் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து கதவைக் கழற்றி வைத்தார்கள்.

நீளமான திருகாணி போடலாமா? அதைப் பலகையின் ஓரத்தில் வைத்து அளந்து பார்த்தாள். முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தது. சரிப்படாது.

“ஓட்டை பெருசாயிடுச்சு. அப்போ அதைச் சின்னதாக்கணும். அவ்வளவுதானே?”

பல் குத்தும் குச்சிகளை மரப்பசையில் தோய்த்து ஓட்டைக்குள் நெருக்கமாகச் செருகினாள்.

அம்மா வந்ததும் வாயாடிச் சில்வண்டு பின்வாங்கினாள். உருண்டைதான் முன்னால் போனான்.

“நான்தாம்மா கெடுத்தேன். அக்கா சரி பண்ணிட்டா.”

அம்மா குனிந்து உற்றுப் பார்த்தார். “காலைல வரைக்கும் காயட்டும். பிடிக்குதான்னு பாப்போம்.”

காலையில் குச்சி முனைகளைச் சீவிவிட்டு, அம்மா கதவைத் தாங்கிப் பிடித்தார். திருப்புளியை உருண்டையிடம் நீட்டினார். அவன் கைகளைப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“வாடா, சேர்ந்து போடலாம்,” என்றாள் சில்வண்டு.

இருவரும் மெல்லத் திருப்பினார்கள். திருகாணி கவ்விப் பிடித்தது. உருண்டை சட்டென்று நிறுத்தினான்.

“போதும்க்கா. கைக்கே தெரியுது.”

அம்மா கதவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு இருவரையும் இறுக்கிக் கட்டிக்கொண்டார். அதற்கு மட்டும் உருண்டை போதும் என்று சொல்லவே இல்லை.