நீல மூடி

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.50.

பேருந்து தெருமுனையில் திரும்பும்போது தம்பி ஹார்னை ஒரே ஒரு தடவை தட்டினான். மூன்றாவது மாடிப் பால்கனியில் நின்ற மேனேஜர் பதிலுக்கு ஒரே ஒரு தடவை குரைத்தான். ஒன்பது வருட வழக்கம். தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே அக்கா, "சரி சார், வண்டி போயாச்சு, உள்ள வாங்க" என்றாள்.

அவளை முதலில் அக்கா என்று கூப்பிட்டது தம்பி மட்டும்தான். பிறகு கட்டிடமே அதைப் பிடித்துக்கொண்டது. வீட்டிலேயே துணி தைப்பவள் அவள். தம்பி பேருந்து ஓட்டுநர். மேனேஜர் அவர்களுடைய நாய். பையோடு வருகிற யாரையும் மூக்கை விட்டுச் சோதனை போடாமல் உள்ளே விடமாட்டான். அதனால் அந்தப் பதவி.

4.00. மேல்மாடியில் வயலின் டீச்சர் பாடத்தை ஆரம்பித்தார். வில் உச்சத்துக்கு ஏறினால் மேனேஜரின் குரலும் கூடவே ஏறும். இதுவரை மூன்று புகார்க் கடிதங்கள். போன வாரம் படிக்கட்டில், எல்லார் காதிலும் விழ, "ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அது இருக்கணும்!" என்று டீச்சர் வெடித்தார்.

அக்கா சண்டைக்குப் போகவில்லை. தடுப்பூசி, உரிமம், கழுத்துப்பட்டை, நடக்கப் போனால் கழிவை அள்ள ஒரு பை என்று எதிலும் குறை வைக்காதவள், இதிலும் வைக்கக் கூடாது என்று பயிற்சி தொடங்கினாள். பாயில் உட்கார வேண்டும். வயலின் கேட்டாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறக்காவிட்டால் ஒரு பிஸ்கட். கடைச் சரக்கை நம்பாமல் அதையும் அவளே சுட்டாள்: மாவு, முட்டை, தாராளமாகச் சர்க்கரை. அன்று மதியம்தான் முதல் தடவை சுட்டிருந்தாள். பிசைந்த விரலை நக்கிப் பார்த்தபோது நாக்கு சில்லென்றது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை, அதனால்தான் என்று விட்டுவிட்டாள்.

அன்று மேனேஜர் ஆறு பிஸ்கட் சம்பாதித்தான். முதல்முறையாக ஒரு பாடம் முழுக்க மூச்சு விடவில்லை.

5.10. எழுந்தவனுக்குக் கால் பின்னியது. வாந்தி. பிறகு வலிப்பு. அக்கா அவனைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கால்நடை கிளினிக்குக்கு ஓடினாள்.

புதன், காலை 6.00. டாக்டரம்மா போன் செய்தார்.

"அக்கா, முதல்ல உக்காருங்க."

அக்கா உட்காரவில்லை. அன்று முழுக்க உட்காரவில்லை.

வியாழன், பிற்பகல் 3.00. கழுத்துப்பட்டையைக் கொடுக்க டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்தார். மேஜை மேல் குடியிருப்போர் சங்கத்தின் கடிதம் கிடந்தது. ஆறு மணிக்குக் கூட்டம். நாய்க்கு விஷம் வைத்தது டீச்சர்தான் என்ற புகாரில் அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டால், டீச்சர் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"அவங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் நம்ம கதவுல ஒரு பொட்டலம் தொங்குச்சு. நாய் கடிக்கிற குச்சி. 'சமாதானமா இருப்போம்'னு ஒரு சீட்டு. நானும் நம்பிக் குடுத்தேன். மூணு மணிக்கே தின்னு முடிச்சான்."

குச்சி வந்த காலி உறையை டாக்டரம்மா புரட்டிப் பார்த்தார்.

"இது என் கிளினிக் உறை. பாட்டுப் பாடுற நாய்க்கு வாயில வெக்க என்ன தரலாம்னு திங்கட்கிழமை வந்து கேட்டாங்க. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

"அதுல எதையாவது தடவியிருந்தா?"

"எலி மருந்துன்னா ரத்தம் கசியும், அதுக்கும் ரெண்டு மூணு நாளாகும். இவனுக்கு ரத்தத்துல சர்க்கரை அடியோட இறங்கிடுச்சு. குளுக்கோஸ் ஏத்தியும் நிக்கல. விடியறதுக்குள்ள ஈரலும் போயிடுச்சு."

"சர்க்கரை மாத்திரை எதையாவது முழுங்கியிருப்பானா?" என்றாள் அக்கா.

லீவு போட்டு மூலையில் உட்கார்ந்திருந்த தம்பி நிமிர்ந்தான். "என் மாத்திரை அட்டையைப் பார்த்தேன் டாக்டர். ஒண்ணும் குறையல."

அக்கா காபியும் ஒரு கிண்ணத்தில் சர்க்கரையும் கொண்டுவந்தாள். டாக்டரம்மா சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டு, கரண்டியில் ஒட்டியதை நக்கினார். நிறுத்தினார். இன்னொரு தடவை நக்கினார்.

"சர்க்கரை நாக்குல சில்லுங்குதே?"

"எனக்கும் பத்து நாளா அப்படித்தான். வயசாச்சு, நாக்கு மரத்துப்போச்சுன்னு நெனச்சேன்."

"சர்க்கரை எந்த டப்பா?"

"நீல மூடி. வெள்ளை மூடி தம்பிது. சுகர்காரங்க போட்டுக்கிற பவுடர்."

டாக்டரம்மா இரண்டிலும் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தம்பியின் பரிசோதனைச் சீட்டைப் படித்தார்.

"தம்பி, சுகர் முந்நூத்திப் பத்தா?"

"ஆமா. ரெண்டு வாரத்துல குறையலேன்னா வண்டி தரமாட்டாங்க."

"இனிப்பைத் தொடறதே இல்ல, ஆனாலும் ஏறுது" என்றாள் அக்கா. "என்ன மாயமோ."

"மாயமில்ல. இந்த வீட்டுல ஒருத்தருக்குச் சர்க்கரை ஏறுச்சு, ஒருத்தனுக்கு இறங்குச்சு. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். வெள்ளை மூடிக்குள்ள இருக்கிறது சர்க்கரை. நீல மூடிக்குள்ள இருக்கிறது தம்பியோட பவுடர், சைலிட்டால். நாக்கைச் சில்லுன்னு ஆக்கும். மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது, நாய்க்கு விஷம். தம்பி, டப்பாவை மாத்தினது நீங்கதான்."

தம்பி தரையைப் பார்த்தான்.

"ஒரு காபி... காபி மாதிரி குடிக்கணும்னு இருந்துச்சு. அக்காவுக்குத் தெரிஞ்சா திட்டும். சத்தியமா, நாய்க்கு ஆகாதுன்னு தெரியாது டாக்டர்."

"அந்தப் பவுடர் உறையில எழுதியிருக்கும். பிரிச்சு டப்பாவுல கொட்டினதும் உறை குப்பைக்குப் போயிடும். எங்கிட்டயும் தப்பிருக்கு. ஊசி தேதி கேட்டேன், எடை கேட்டேன். உங்க அடுப்படியில என்ன இருக்குன்னு கேக்கல."

அக்கா நீல மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆறையும் நான்தான் குடுத்தேன்" என்றாள். "ஒவ்வொண்ணுக்கும் 'சமர்த்து'ன்னு சொல்லிச் சொல்லி."

தம்பி எழுந்துவந்து அவள் காலடியில் உட்கார்ந்தான். அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கையை எடுக்கவில்லை.

5.30. கடிதத்தை நான்காகக் கிழித்துவிட்டு அக்கா மாடி ஏறினாள். கதவைத் திறந்த டீச்சரின் கண் வீங்கியிருந்தது. அறையில் பாதி கட்டிய பெட்டிகள்.

"டீச்சர், அதெல்லாம் பிரிச்சிடுங்க. தப்பு எங்க வீட்டுல. கூட்டத்துல நானே சொல்றேன்." கொஞ்சம் நின்று சொன்னாள்: "உங்க குச்சியை நல்லா தின்னான்."

டீச்சர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்குப் பாடம் முழுக்க அவன் குரலே வரல. நான்தான் ஒழுங்கா வாசிச்சுட்டேன்னு சந்தோஷப்பட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அப்படியே அழுகையில் போய் முடிந்தது.

தம்பிக்குச் சுகர் குறைந்தது, வண்டி பிழைத்தது. இரண்டு டப்பாக்களிலும் இப்போது உள்ளே என்ன என்று எழுதி ஒட்டியிருக்கிறது. கழுத்துப்பட்டை ஆணியில் தொங்குகிறது. நான்கு மணிக்கு மேலே வயலின் ஆரம்பித்தால், கீழே தையல் மெஷின் சத்தம் மட்டும்.

3.50-க்குப் பேருந்து தெருமுனையில் திரும்புகிறது. ஹார்ன், ஒரே ஒரு தடவை.