கிழக்கு வரிசையின் காற்று

காலையில் எழுந்ததும் பிலோமினா முதலில் பார்ப்பது காற்றுக் கலத்தைத்தான். இரவில் யார் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறோம் என்று பார்த்துவிட்டுத்தான் காபி. ஆழிக்குடியில் எல்லோருக்கும் அதுதான் வழக்கம். கடலுக்கடியில் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நிற்கும் அந்த வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு மூச்சுப்பெட்டி உண்டு. வீட்டில் காற்று மிச்சமா, குறையா என்று அது ஒரு ஃபைலில் எழுதி, நெட்வொர்க்கில் ஊருக்கே பொதுவான பேழையில் வைக்கும். மிச்சமுள்ள வீட்டுப் பெட்டிகள் அதைப் படித்துக் குழாய் வழியே அனுப்பிவிடும்.

அந்த ஊரில் வாய்திறந்து காற்றுக் கேட்பது மானக்கேடு. ஆதியில் ஆளாளுக்குக் கத்திக் கேட்டு, குரல் பெருத்தவன் பிழைத்து, சும்மா இருந்தவன் செத்தான். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் பேழையே வந்தது. அதிலிருந்து பெட்டிதான் கேட்கும், மனிதர்கள் கேட்கமாட்டார்கள். மூச்சு முட்டுகிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னவனுக்குப் பெண் கொடுக்க மறுத்த குடும்பங்கள்கூட உண்டு.

அன்று கலம் நிரம்பி வழிந்தது. முந்தின நாளும் அப்படித்தான். கிழக்கு வரிசை எதுவுமே கேட்கவில்லையாம். பழைய வீடுகள், பழைய பெட்டிகள், எப்போதும் காற்றுக்கு இளைத்துக்கொண்டே இருக்கிற வரிசை. பரவாயில்லையே, தேறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். உள்ளூரக் கொஞ்சம் பெருமை வேறு, ஏனென்றால் பேழையின் புதிய மென்பொருளை பில்டு செய்து ஏற்றியவளே அவள்தான்.

அந்த பில்டில் ‘கடுங்காவல்’ என்று ஓர் அமைப்பு இருந்தது. போடாவிட்டாலும் பேழை ஓடும். அது அவரவர் விருப்பம். யாரோ பொய்க்குறை எழுதிக் காற்றைக் கறக்கிறார்கள் என்று ஊரில் முணுமுணுப்பு இருந்ததால், இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இயக்கிவைத்தாள். தன் வரிசையின் புதுப் பெட்டிகளில் சோதித்தபோது அமர்க்களமாக ஓடியது. கிழக்கு வரிசைக்குப் போய்ப் பார்க்கச் சோம்பல். என்ன ஆகிவிடப் போகிறது?

கிழக்கு வரிசையில்தான் அவள் அக்கா செலின் இருந்தாள். வழக்கம்போலக் காபி குடித்துக்கொண்டே அவளுக்குப் போன் போட்டாள். செலினுக்கு நாக்குக் குழறியது. சம்பந்தமில்லாமல் சிரித்தாள். தலை லேசாக வலிக்கிறது, அத்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை, சோம்பேறி மனுஷன் என்றாள். ராத்திரி என்ன விருந்தா என்று கேலி செய்யத் தொடங்கிய பிலோமினா பாதியில் நிறுத்தினாள்.

“காத்து கொறச்சலா இருக்காக்கா?”

“அதெல்லாம் பெட்டி எழுதியிருக்கும்லா. ஊர்ல பாத்துப் போடுவாவ.”

பேழையைத் திறந்தாள். கிழக்கு வரிசையின் ஃபைல்கள் பெயரோடு இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. எழுதியது இன்ன பெட்டிதான் என்று காட்டக் கடுங்காவல் கேட்கிற கையொப்பத்தைப் போடப் பழைய பெட்டிகளுக்குத் தெரியாது. கையொப்பமில்லாத எழுத்தைப் பேழை சத்தமில்லாமல் துடைத்துவிட்டிருந்தது. வெறும் ஃபைலைப் படித்த மற்ற வீடுகள் குறையில்லை என்று எடுத்துக்கொண்டன. பாவி, பாவி என்று தன்னையே வைதாள்.

அமைப்பை நீக்கி மறுபடி பில்டை ஓடவிட்டாள். அது பாட்டுக்கு ஆற அமர நகர்ந்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டலாமென்றால் நடுவில் கடல். தகவல் சொன்னதும் ஊர்க்கூட்டத்தார் படகு அனுப்புகிறோம் என்றார்கள். அது கிளம்பி வரவும் நேரமாகும். குழாயைக் கையால் திறக்க முடியாது. பேழையில் குறை தெரியவேண்டும், இல்லையென்றால் குறைப்பட்ட வீட்டிலிருந்தே ஒரு குரல் கேட்கவேண்டும். அந்தப் பழைய வழியை யாரும் அடைத்துவிடவில்லை, தொட்டதும் இல்லை.

“அக்கா, செவுத்து மைக்குல காத்து தாங்கன்னு ஒருவாட்டி சொல்லு. கொழாய் தெறந்துரும்.”

“என்னட்டி பேசுத? அக்கம்பக்கத்துல என்ன நெனைப்பாவ?”

“பெட்டி எழுதுறது யாருக்கும் போவலக்கா. நான்தான் கெடுத்துட்டேன்.”

“நீ கெடுக்க மாட்ட. நீ படிச்ச புள்ள.”

கெஞ்சினாள், திட்டினாள், அம்மா மேல் சத்தியம் வைத்தாள். செலின் சிரித்தபடியே, கொஞ்சம் படுத்து எழுந்து பேசுகிறேன் என்றாள். போனை வைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டாள். இன்னொரு போனில் பிலோமினா அந்த வரிசையின் மற்ற வீடுகளைக் கூப்பிட்டாள். எடுத்த ஓரிருவர், நல்லாத்தான் இருக்கோம் என்று கௌரவமாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். மற்றவர்கள் எடுக்கவேயில்லை.

ஒருவழியாக பில்டு முடிந்தது. பழைய பெட்டிகள் மறுபடி எழுதிய குறைகளெல்லாம் ஒரேயடியாகப் பேழையில் வந்து விழுந்தன. ஊர் முழுக்கக் குழாய்கள் திறந்தன. பிலோமினாவின் கலம் மளமளவென்று இறங்கியது. அக்கா வீட்டுக்குள் காற்றுப் பாய்கிற சத்தம் போனில் தெளிவாகக் கேட்டது. “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள் பிலோமினா. படகு போய்ச் சேரும்வரைக்கும் அந்தச் சத்தம் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலையில், பழக்கத்தில், பிலோமினா கலத்தைப் பார்த்தாள். முந்தின நாள் வற்றிக் கிடந்தது இப்போது பாதிக்குமேல் ஏறியிருந்தது. கிழக்கு வரிசையில் செலவழிக்க ஆளில்லை. அங்கிருந்த பெட்டிகள் மிச்சம் என்று ஒழுங்காக எழுதியிருந்தன, பேழையும் ஒழுங்காகப் பகிர்ந்திருந்தது. கொடுத்த வீடு என்ற இடத்தில் செலினின் பெயர் இருந்தது.

பிலோமினா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடிந்தவரைக்கும் பிடித்துப் பார்த்தாள். பிறகு இழுத்தாள்.