நாற்பதைத் தாண்டாத கார்

"அப்பா...!"

பிரியதர்ஷினியின் அலறலில் கோட்டக்குப்பம் தனியார் ஆஸ்பத்திரியே வாசலுக்கு ஓடி வந்தது.

காரின் பின் ஸீட்டில், அவள் மடியில் கிடந்தார் தட்சணாமூர்த்தி. மரக்காணம் உப்பளக் குத்தகைக்காரர்.

டாக்டர் நாடி பார்த்தார். கையை மெல்லக் கீழே வைத்தார்.

"பத்து நிமிஷம் முன்னாடி கொண்டாந்திருந்தா..."

டிரைவர் ஸீட்டில் இருந்த அருண்ராஜ் ஸ்டியரிங்கில் தலையை மோதிக்கொண்டான்.

டேஷ்போர்டில், என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது!

கான்ஸ்டபிள் சகாதேவனுடன் ஜீப்பில் வந்து இறங்கினார் இன்ஸ்பெக்டர் வசந்தா.

"நீதான் அருண்ராஜ். கார் மெக்கானிக். பெரியவரோட பொண்ணை இன்னைக்குக் காலைல கூட்டிட்டு ஓடி, பாண்டிச்சேரில ரிஜிஸ்டர் மேரேஜ் பண்றதா பிளான். அவரு தம்பி போன்ல எல்லாம் சொல்லிட்டாரு. சரியா?"

"சரிங்க மேடம். ஆனா..."

"மரக்காணத்துலேர்ந்து இங்க வர எவ்ளோ நேரம்?"

"அரை மணி..."

"நீ எடுத்துகிட்டது முக்கால் மணி! டர்போ வண்டிய மாட்டு வண்டியா ஓட்டியிருக்கே!"

"வண்டி இழுக்கல மேடம்! ஆக்ஸிலேட்டரை ஒரே மிதியா மிதிச்சேன். நாப்பதைத் தாண்டல. புஸ்ஸுன்னு சத்தம்... பின்னாடி கரும்புகை... டர்போ அனுப்புற காத்து என்ஜினுக்குப் போய்ச் சேரல. எங்கியோ லீக். அதான் அந்த லைட்டு!"

"நிறுத்திப் பாத்திருக்கலாமே?"

"நிறுத்தினா பெரியவரு போயிடுவாருன்னு பயந்தேன்..."

வசந்தா திரும்பினார்.

"ஏம்மா, அப்பாவை எங்க பாத்தீங்க?"

"உப்பளத்து வரப்புல..." என்றாள் பிரியதர்ஷினி. "இவரு காரைப் பூட்டாம விட்டுட்டு என்னைக் கூப்பிட வந்திருந்தாரு. திரும்பி வந்தா, காருக்குப் பக்கத்துலயே அப்பா மாரைப் புடிச்சிகிட்டு கெடந்தாரு. பேச்சு வரல. கல்யாணமும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு தூக்கிப் போட்டுகிட்டு வந்தோம். வழியெல்லாம் சட்டைப் பாக்கெட்டு மேலயே அடிச்சிகிட்டாரு. மாத்திரை கேக்கறாருன்னு நெனச்சேன். மாத்திரை வீட்ல கெடக்குதுப்பா, அடிச்சிக்காதீங்கன்னு கையைப் புடிச்சிகிட்டேன்... போன டிசம்பர் சுனாமில அம்மா. இப்ப..."



"பானெட்டைத் தொற!" என்றார் வசந்தா.

அருண்ராஜ் திறந்தான்.

"அண்ணே, ஸ்டார்ட் பண்ணுங்க" என்றான் சகாதேவனிடம்.

சகாதேவன் ஸ்டார்ட் செய்தார். என்ஜின் அமைதியாக ஓடியது.

"இப்படியே ஓடினா ஒண்ணும் தெரியாது. மிதிங்க!"

புஸ்ஸ்ஸ்...!

அருண்ராஜின் கை சத்தத்தைத் தேடிப் போனது. தடித்த கறுப்பு ரப்பர் ஹோஸ் ஒன்று, குழாய் வாயைவிட்டுக் கழன்று தொங்கியது.

"கிளாம்ப் இல்ல மேடம்! இதை இறுக்கிப் புடிக்கிற இரும்பு வளையம்... யாரோ கழட்டியிருக்காங்க!"

"தானா விழுந்திருக்கும்."

"விழாது. மத்ததைப் பாருங்க... உப்புக் காத்துல துருப்புடிச்சி இறுகிக் கெடக்குது. திருப்பிக் கழட்டினாத்தான் வரும். காலைல மரக்காணத்துக்கு நூறுல வந்தேன். அதுக்கப்புறம்தான் எவனோ..."

சட்டென்று நிறுத்தினான்.

வசந்தா சிரித்தார்.

"உன் வாயாலயே சொல்லிட்டே. எதைக் கழட்டினா இந்த வண்டி இழுக்காதுன்னு தெரிஞ்ச ஆளு இங்க யாருப்பா? நீ மட்டும்தான்! பொண்ணைக் குடுக்காத கெழவன் போய்ச் சேரட்டும்னு ஊர்ந்து வந்திருக்கே!"

"நீங்களா...?" பிரியதர்ஷினியின் குரல் உடைந்தது. "எங்கப்பாவை... நீயா?"

"பிரியா! சத்தியமா..."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

என்ஜினைப் பற்றி அவன் சொன்ன ஒவ்வொரு உண்மையும் அவன் கழுத்தையே இறுக்கியது.

சகாதேவன் அவன் பாக்கெட்டுகளைத் துழாவினார். டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தார்.

"கிளாம்ப் இல்லீங்க மேடம்."

"வழியில வீசியிருப்பான். வெலங்கை மாட்டுங்க."

விலங்கு ஒரு கையில் ஏறியது...

அப்போது நர்ஸ் சவரியம்மாள் வெளியே வந்தாள், கையில் தட்சணாமூர்த்தியின் வெள்ளைச் சட்டையோடு.

"இந்தாம்மா, உங்கப்பா சட்டை. பாக்கெட்டுல என்னமோ கனமா..."

டங்!

சிமெண்ட் தரையில் உருண்டு, சுழன்று, அருண்ராஜின் காலடியில் விழுந்தது.

துருப்பிடித்த இரும்பு வளையம்!

அருண்ராஜ் தேடிய அதே கிளாம்ப்!

உப்பளத்துப் பம்ப்செட்டில் ஆயுசெல்லாம் ஹோஸ் மாட்டிக் கழற்றிய கை தட்சணாமூர்த்தியின் கை. மகள் ஓடிப்போகும் காரை நிறுத்த, அந்தக் கைக்கு ஒரு வளையம் போதும். கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க ஓடியவர், வரப்பிலேயே விழுந்துவிட்டார்.

"அப்பா மாத்திரை கேக்கல..." பிரியதர்ஷினி தன் உள்ளங்கைகளையே பார்த்தாள். "இதைத்தான் எடுன்னு அடிச்சிகிட்டாரு. நான்... கையைப் புடிச்சிகிட்டேன்..."

அருண்ராஜ் விலங்கு தொங்கும் கையாலேயே வளையத்தை எடுத்து மாட்டினான். இரண்டே நிமிட வேலை.

சகாதேவன் மிதித்தார். புஸ் சத்தம் இல்லை. புகை இல்லை.

நடந்த கோளாறை மறக்காத மஞ்சள் விளக்கு மட்டும் அணைய மறுத்தது.

"அப்ப அக்யூஸ்டு யாருங்க மேடம்?"

"உள்ள ஸ்ட்ரெச்சர்ல படுத்திருக்காரு."

விலங்கைத் தானே கழற்றிய வசந்தா, ஜீப்பில் ஏறும்முன் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி! அவரை ஊருக்குக் கொண்டுபோறப்ப மெதுவாவே போ... இந்த வண்டி வேகமாப் போறது உன் மாமனாருக்குப் புடிக்காது!"